வேண்டாத கடிதமும் வேண்டாமல் வந்த கடிதமும்

கடிதம் வரவில்லையே என்று வாசலைப் பார்த்து ஏங்கியது நம் பாட்டனார் காலம். வந்த கடிதம் கண்ணில் படவில்லையே என்று ஏங்குவது நம் காலம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். எழுத்துத் தேர்வும் நன்றாகவே எழுதியிருந்தார். நாள்தோறும் கைப்பேசியைத் திறந்து மின்னஞ்சலைப் பார்ப்பார்; ஒன்றும் வரவில்லை என்று மூடிவைப்பார். இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடப் போய், அதில் 'ஸ்பேம்' என்று பெயரிட்டிருந்த பெட்டியைத் திறந்தார். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அங்கே கிடந்தது. அது வந்து ஒன்பது நாளாகியிருந்தது. தேர்வு நடந்து முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அதற்கு மேலே இருந்த கடிதம், வெளிநாட்டு லாட்டரியில் அவருக்கு ஐந்து இலட்சம் பவுன் விழுந்திருப்பதாகச் சொல்லிற்று. கீழே இருந்த கடிதம் வழுக்கைக்கு மருந்து விற்றது. இவ்விரண்டுக்கும் நடுவே நண்பரின் அழைப்பு.

அன்று மாலை விடுதி மரத்தடியில் இதே பேச்சு. ஸ்பேம் என்பது யாது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? 'விளம்பரமெல்லாம் ஸ்பேம்தான்' என்றார் ஒருவர். 'இல்லை, மோசடிக் கடிதங்களுக்குத்தான் அந்தப் பெயர்' என்றார் மற்றொருவர். 'நமக்கு வேண்டாதது எதுவோ அதுவே ஸ்பேம்' என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். மூவர் கூற்றும் தவறு என்பதை அப்போது என்னால் எடுத்துச் சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியே.

மூன்றாமவர் சொன்னது உண்மைக்கு மிக அருகில் வந்து நழுவிவிட்டது. 'வேண்டுதல்' என்னும் நம் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. விரும்புதல் என்பது ஒன்று. கேட்டுக்கொள்ளுதல் என்பது மற்றொன்று. 'எனக்கு இது வேண்டும்' என்பதில் விருப்பம் இருக்கிறது. 'தங்களை வேண்டிக்கொள்கிறேன்' என்பதில் கேட்டல் இருக்கிறது. 'வேண்டாத கடிதம்' என்றால் நாம் விரும்பாத கடிதம். 'வேண்டாமல் வந்த கடிதம்' என்றால் நாம் கேளாமல் வந்த கடிதம். ஸ்பேமின் இலக்கணம் இரண்டாவதில் இருக்கிறதேயன்றி முதலாவதில் இல்லை. தமிழில் இதனை 'எரிதம்' என்பாரும் 'குப்பை அஞ்சல்' என்பாரும் உளர். 'குப்பை' என்னும் பெயர் வசதியானதே. ஆயினும் கடிதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுபோல் அது நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. ஆதலின் இக்கட்டுரை முழுவதும் ஸ்பேம் என்றே எழுதுகிறேன்.

சொல் வந்த வழி

ஸ்பேம் என்பது முதலில் தகர டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியின் வணிகப் பெயர். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ஹார்மல் நிறுவனம் 1937ஆம் ஆண்டு அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் 'மான்ட்டி பைத்தான்' குழுவினர் ஒரு நகைச்சுவைக் காட்சி நடித்தனர். ஓர் உணவு விடுதியில் எந்தப் பலகாரத்தைக் கேட்டாலும் அதில் ஸ்பேம் கலந்திருக்கும். பக்கத்து மேசைகளில் அமர்ந்திருக்கும் முரடர் கூட்டம் ஒன்று அந்தப் பெயரையே திரும்பத் திரும்பப் பாடி, பேச வந்தவர்களின் குரலே கேளாதபடி அமுக்கிவிடும். ஒரே செய்தியைப் பன்முறை இறைத்து மற்றவர் பேச்சை மூழ்கடிப்பவர்களைக் குறிக்கக் கணிப்பொறி வலையில் உலவிய இளைஞர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டனர். 1990களில் அது நிலைத்துவிட்டது. பெயர் பிறந்த வரலாற்றிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. பாட்டு கெட்ட பாட்டு என்பது அங்கே குறையன்று; பிறர் இடத்தை அது அடைத்துக்கொண்டது என்பதே குறை.

முதற் கடிதம்

பெயர் வருவதற்கு முன்பே பொருள் வந்துவிட்டது. இக்கடிதத்தின் கதை சற்று விரிவாகவே சொல்லத்தக்கது.

இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் என்னும் வலை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செலவில் நடந்துவந்தது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் அதில் இணைந்திருந்தன. அதனைப் பயன்படுத்துவோரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட கையேடாகவே கிடைத்தன. தொகை அவ்வளவு சிறிது. அக்காலத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணிப்பொறி நிறுவனம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பேர்பெற்றிருந்தது. மேற்குக் கரையில் அவ்வளவு வாடிக்கை இல்லை. அந்நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துவர்க் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. டெக்சிஸ்டம்-20 வரிசையில் வந்த புதிய கணிப்பொறிகளைக் காண வருமாறு, கையேட்டில் உள்ள மேற்குக் கரை முகவரிகளுக்கெல்லாம் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டால் என்ன?

1978ஆம் ஆண்டு மே மாத முதல் வாரத்தில், ஏறத்தாழ நானூறு பேருக்கு அக்கடிதம் சென்றது. முழுவதும் பெரிய எழுத்துகளிலேயே அடித்திருந்தார்கள். முகவரிகளை எழுதும் இடம் அத்தனை பெயர்களைத் தாங்கவில்லை. மிஞ்சியவை வழிந்து கடிதத்தின் உடலுக்குள்ளேயே வந்து விழுந்தன. ஆகவே பெற்றவர்கள் முதலில் கண்டது முகவரி முகவரியாக ஒரு நீண்ட பட்டியல். அதைக் கடந்த பிறகுதான் செய்தி. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நாள், சான் மேட்டியோவில் ஒரு நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு, வந்து பாருங்கள் என்பதே செய்தி.

இக்கடிதத்தில் பொய் உண்டா? இல்லை. கணிப்பொறி உண்மையானது, கூட்டம் உண்மையாகவே நடந்தது, அனுப்பியவர் தம் பெயரை மறைக்கவில்லை. பயனற்ற செய்தியா? அதுவும் இல்லை. கணிப்பொறியோடு வாழ்ந்தவர்களுக்குப் புதிய கணிப்பொறி பற்றிய செய்தி பிடிக்காமலா போகும்? துவர்க் பிற்காலத்தில், இதனால் பெருந்தொகைக்கு விற்பனை நடந்தது என்றே பெருமையாகச் சொல்லிவந்தார். அப்படியிருந்தும் பெற்றவர்கள் கொதித்தெழுந்தனர். வலையை மேற்பார்த்த பாதுகாப்புத் தொடர்பு நிறுவனம், அரசுப் பணிக்கென உள்ள வலையை வணிகத்துக்குப் பயன்படுத்தியது வெளிப்படையான விதிமீறல் என்று கண்டித்தது.

இடையில் ஒரு சுவையான நிகழ்ச்சி. எம்.ஐ.டி.யில் பணிபுரிந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் (பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஸ்டால்மன்தான்) அந்தக் கடிதத்தைப் பெறவில்லை. இப்படிப்பட்ட செய்திகள் வந்தால் தமக்கு ஒன்றும் குறையில்லை என்ற பொருள்பட அவர் எழுதினார். பிறகு நண்பர் ஒருவர் கடிதத்தின் படியை அவருக்கு அனுப்பிவைத்தார். முகவரிப் பட்டியலின் நீளத்தைக் கண்டதும் ஸ்டால்மன் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதைப் பற்றியதாயினும் இவ்வளவு நீண்ட தலைப்புடைய கடிதத்தை அனுப்ப யாரையும் விடக்கூடாது என்பது அவருடைய இரண்டாவது தீர்ப்பு. செய்தியைக் கேள்விப்பட்டபோது குற்றம் தோன்றவில்லை. அதன் சுமை தம் திரையில் வந்து விழுந்தபோது தோன்றிற்று. இக்கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

இதற்கு மூன்றாண்டு முன்னரே, 1975 நவம்பரில், அர்ப்பாநெட் விதிமுறைகளை வகுத்தவர்களில் ஒருவராகிய ஜான் போஸ்ட்டல் இந்த ஆபத்தைக் குறித்து ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். தனக்கு வேண்டாத இடத்திலிருந்து வரும் செய்திகளை மறுக்க ஒரு கணிப்பொறிக்கு வழியே இல்லை என்பது அதன் சாரம். அவரே 1982இல் எழுதிய மின்னஞ்சல் விதிமுறையிலும், அனுப்புபவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சோதிக்க ஏற்பாடு இல்லை. இன்லேண்டு கடிதத்தின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதி அஞ்சற்பெட்டியில் போடலாம் அன்றோ? அதே நிலைதான். ஒருவரையொருவர் அறிந்த சில நூறு பேர் கூடிய ஊரில் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

இலக்கணம் யாது?

இலண்டனில் 1998இல் தொடங்கப்பெற்ற ஸ்பேம்ஹவுஸ் என்னும் அமைப்பு, ஸ்பேம் அனுப்பும் கணிப்பொறிகளின் பட்டியலை வெளியிட்டுவருகிறது. உலகெங்கும் அஞ்சல் நிறுவனங்கள் அதனைப் பார்த்தே பல கடிதங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அவ்வமைப்பு ஏற்றுள்ள இலக்கணம் மிகச் சுருக்கமானது. ஒரு கடிதம் கேளாமல் வந்திருக்கவேண்டும். ஒரே உள்ளடக்கத்தோடு மொத்தமாகப் பலருக்கு அனுப்பப்பட்டிருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஸ்பேம். ஒன்று குறைந்தாலும் ஸ்பேம் அன்று. உள்ளே இருப்பது விளம்பரமா, மோசடியா, அறச்செயலா என்னும் ஆராய்ச்சி இதில் இல்லவே இல்லை. பெறுபவரின் இசைவு உண்டா என்பது ஒன்றே கேள்வி.

சில எடுத்துக்காட்டுகளில் இந்த உரைகல்லை உரைத்துப் பார்ப்போம். தேர்வுக் கட்டணம் செலுத்த இன்னின்ன நாள் கடைசி என்று கல்லூரி அலுவலகம் மூவாயிரம் மாணவர்க்கும் மின்னஞ்சல் அனுப்புகிறது. மொத்தமாக அனுப்பியதுதான், ஆயினும் ஸ்பேம் அன்று. சேர்க்கை விண்ணப்பத்தில் முகவரி கொடுத்தபோதே நாம் இதற்கு இசைந்துவிட்டோம். ஆராய்ச்சி மாணவர் ஒருவர், முன்பின் அறியாத பேராசிரியருக்கு, அவருடைய கட்டுரையைப் படித்து ஐயம் கேட்டு எழுதுகிறார். அவர் கேளாமல் சென்ற கடிதந்தான். அதுவும் ஸ்பேம் அன்று, அந்த ஒருவருக்காகவே எழுதப்பட்டது ஆதலின். முன்பின் அறியாதவருக்கு எழுதவே கூடாது என்று விதித்தால் உலகில் புதிய நட்பே தோன்றாது.

மோசடியைப் பற்றிய மயக்கம் பெரிது. உங்கள் வங்கி மேலாளர் பெயரில் உங்களுக்கென்றே திட்டமிட்டு எழுதி, கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு கடிதம் வருகிறது என்று கொள்ளுங்கள். அது கொடிய குற்றம். ஆனால் ஸ்பேம் அன்று. கன்னம் வைத்தவன் மீது, சுவரொட்டி ஒட்டிச் சுவரைப் பாழாக்கினான் என்று வழக்குத் தொடுப்பதில்லை. அதே கடிதம் பத்து இலட்சம் பேருக்குப் போனால் இரு குற்றமும் சேர்ந்துவிடும். ஸ்பேம் பெட்டியில் விழாமல் நேராக வந்துவிட்டது, ஆகையால் நம்பத்தக்கது என்று எண்ணிப் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமையாலேயே ஏமாறுகிறார்கள்.

எதிர்ப்புறம் போவோம். ஒரு கோயில் திருப்பணிக்கோ இரத்ததான முகாமுக்கோ உதவி வேண்டிப் பதினாயிரம் பேருக்கு, எங்கிருந்தோ வாங்கிய முகவரிகளுக்கு, ஒரு மடல் போகிறது. நோக்கம் உயர்ந்தது, கடிதம் ஸ்பேம். நம் ஆசிரியப் பெருமக்களின் பெட்டியைத் திறந்தால் இன்னொரு வகையைக் காணலாம். 'புகழ்பெற்ற அறிஞரே, தங்களுடைய மேன்மையான ஆய்வைக் கண்டு வியந்தோம். எங்கள் பன்னாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புக' என்று மடல்கள் வந்து குவிகின்றன. துறைத்தலைவருக்கும் இதே புகழுரை; சென்ற மாதம் பணியில் சேர்ந்த விரிவுரையாளருக்கும் இதே புகழுரை; சில வேளை தாவரவியல் பேராசிரியர் பல் மருத்துவ இதழுக்கு எழுதுமாறு அழைக்கப்படுகிறார். பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அது தனிக்கடிதம் ஆகிவிடாது. புகழுரை கேட்க இனிமையாக இருக்கலாம், ஆயினும் இலக்கணப்படி முழு ஸ்பேம்.

இசைவு என்பதிலும் நுட்பம் உண்டு. புத்தகக் கடை ஒன்றில் புதிய நூற்பட்டியல் அனுப்புமாறு பெயர் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் அலுத்துப்போனால் அந்தப் பட்டியல் ஸ்பேம் ஆகிவிடாது. அது விரும்பாத கடிதம். கேளாத கடிதம் அன்று. அதன் அடியில் விலகிக்கொள்ள வழி இருக்கும். அதை அழுத்த வேண்டும். விலகிய பிறகும் வந்தால் அன்றிலிருந்து அது ஸ்பேம். அந்தக் கடை நம் முகவரியை ஒரு பயண நிறுவனத்துக்கு விற்றுவிட்டால், பயண நிறுவனத்தின் முதற் கடிதமே ஸ்பேம். இசைவு ஒருவருக்குக் கொடுத்தது, கைமாற்றத் தக்கதன்று. கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில், முன்பே குறியிட்டு வைத்த கட்டத்தின் வாயிலாகப் பெறும் இசைவை இசைவென்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

காசு யாருடையது?

கேளாமை புரிகிறது, மொத்தம் என்பதற்கு ஏன் இவ்வளவு முதன்மை? விடை பணத்தில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுப்பவன் தாளுக்கும் அச்சுக்கும் காசு கொடுத்திருக்கிறான்; ஆகவே ஓரளவுக்கு மேல் அச்சிடமாட்டான். மின்னஞ்சலில் நூறாவது கடிதத்துக்கும் கோடியாவது கடிதத்துக்கும் அனுப்புபவனுக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. கணிப்பொறியின் இடமும் மின்சாரமும் படித்து நீக்கும் நேரமும் பெறுபவர் பக்கத்துச் செலவு.

2008ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் துணிச்சலான ஓர் ஆய்வு செய்தனர். ஊர்பேர் தெரியாத மக்களின் கணிப்பொறிகளைக் களவாகப் பிடித்து, அவற்றின் வழியே ஸ்பேம் அனுப்பிவந்த 'ஸ்டார்ம்' என்னும் வலைக்குள் நுழைந்து, அதன் ஒரு பகுதியைத் தங்கள் கண்காணிப்பில் கொண்டுவந்தனர். மருந்து விற்கும் கடிதங்கள் இருபத்தாறு நாளில் ஏறத்தாழ 35 கோடி போயின. வாங்க முன்வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 28 பேர். (ஆய்வாளர் அமைத்தது போலிக் கடை, எவரிடமும் பணம் வாங்கவில்லை.) கணக்குப் போட்டால் ஒருவரைப் பிடிக்க ஒன்றேகால் கோடிக் கடிதம். துண்டறிக்கைக்காரன் இந்த விகிதத்தில் வாணிகம் செய்தால் ஒரே நாளில் கடையை மூடுவான். ஸ்பேம்காரனோ பல வலைகளைச் சேர்த்து ஆண்டு முழுதும் நடத்தினால் ஆதாயம் காண்கிறான். அந்த 28 பேருக்காக மற்றவர்கள் அனைவரும் நீக்குபொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாணிகம் எத்துணைச் சிலர் கையில் இருந்தது என்பதையும் அதே ஆண்டு காட்டிற்று. 2008 நவம்பர் 11ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தனர். களவுக் கணிப்பொறிகளுக்குக் கட்டளையிடும் எந்திரங்கள் அங்கே இருந்தன. ஒரே நாளில் உலகத்து ஸ்பேம் பாதிக்கும் மேல் குறைந்தது. சில மாதங்களில் வேறு வழி கண்டுபிடித்து மீண்டும் ஏறிற்று என்பதையும் சொல்லவேண்டும். 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இரண்டே ஆண்டில் ஸ்பேம் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். இருபதாண்டுக்கு மேலாகிவிட்டது.

சட்டம் சொல்வது

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், கேளாமல் விளம்பரம் அனுப்புவதைத் தடுக்கவில்லை. பொய்ப் பெயரும் பொய்த் தலைப்பும் கூடாது, அஞ்சல் முகவரி தரவேண்டும், விலகுகிறேன் என்றால் பத்து வேலை நாளுக்குள் விட்டுவிடவேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆணையோ, பழைய வாடிக்கையாளர் தவிரப் பிறர்க்கு முன்னிசைவு வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி இசைவில்லாத வணிகக் கடிதம் ஒன்றே ஒன்று போனாலும் குற்றம். அங்கே மொத்தம் என்னும் நிபந்தனை இல்லை. முதலாவதில் கதவைத் தட்டலாம், போ என்றால் போய்விடவேண்டும். இரண்டாவதில் அழைத்தாலன்றித் தட்டவே கூடாது. நான் இரண்டாவது கட்சி.

நம் நாட்டில் மின்னஞ்சல் ஸ்பேமுக்கென்று தனிச்சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்த்த 66ஏ பிரிவின் ஒரு கூறு, தொல்லை தரும் அல்லது அனுப்பியவரைப் பற்றி ஏமாற்றும் மின்னஞ்சலைக் குற்றமாக்கியிருந்தது. அப்பிரிவு கருத்துரிமைக்கு எதிரானது என்று கண்டு உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் நாள் அதனை முழுவதுமாக நீக்கியது. கருத்துரிமை காக்கப்பட்டது, கூடவே அந்தக் கூறும் போயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் உரியவை.

எந்திரத்தின் கணக்கு

சட்டம் இவ்வாறிருக்க, நாள்தோறும் தீர்ப்பு வழங்குவது எந்திரமே. நண்பரின் அழைப்பு ஏன் தவறான பெட்டியில் விழுந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நான் கேட்டேனா இல்லையா என்பதை எந்திரம் அறியாது. என் மனத்தில் உள்ள இசைவு கடிதத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே அது சான்றுகளைக் கொண்டு ஊகிக்கிறது.

அந்த ஊகத்தின் வேர் நம் புள்ளியியல் பாடத்தில் உள்ளது. இங்கிலாந்தில் சமயப் போதகராக இருந்த தாமஸ் பேயஸ் 1761இல் காலமானார். நிகழ்தகவு பற்றிய அவருடைய கட்டுரை 1763இல்தான் வெளியாயிற்று. இரு நூற்றாண்டு கழித்து, 1998இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அவர் முறையை ஸ்பேமுக்குப் பொருத்தினர். 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரை அதனைப் பரவலாக்கிற்று.

கணக்கு எளிது. ஆயிரம் ஸ்பேமும் ஆயிரம் நற்கடிதமும் நம்மிடம் இருப்பதாகக் கற்பனை செய்வோம். 'வாழ்த்துகள்' என்னும் சொல் ஸ்பேமில் 200இலும் நற்கடிதத்தில் 20இலும் வருகிறது என்க. அச்சொல் உள்ள கடிதம் 220. அவற்றுள் 200 ஸ்பேம். எனவே 'வாழ்த்துகள்' என்று தொடங்கும் புதிய கடிதம் ஸ்பேமாக இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 91 விழுக்காடு. அதே கடிதத்தில் 'துறைத்தலைவர்' என்ற சொல்லும் இருக்கிறது. அது ஸ்பேமில் ஒன்றிலும் நற்கடிதத்தில் ஐம்பதிலும் வருவதாகக் கொள்வோம். முதற் சொல்லின் விகிதம் 10க்கு 1. இரண்டாவதன் விகிதம் 1க்கு 50. பெருக்கினால் 10க்கு 50, அதாவது 1க்கு 5. நிகழ்தகவு ஆறில் ஒன்றாக, 17 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. சொற்கள் ஒன்றையொன்று சாராதவை என்று இங்கே கொள்கிறோம். அது உண்மையன்று என்பது எந்த மொழி பேசுவோருக்கும் தெரியும். ஆயினும் முறை வியக்கத்தக்க அளவு பலிக்கிறது.

இப்போது நண்பருக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தைப் பாருங்கள். வாழ்த்து, 'தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்', '48 மணி நேரத்துக்குள் இங்கே அழுத்தவும்' என ஒவ்வொரு சொல்லும் லாட்டரிக் கடிதத்தின் சொல்லே. அனுப்பிய முகவரியோ நிறுவனத்தினுடையதன்று. ஆள்சேர்ப்புக்காக அமர்த்திய வேறொரு முகமையின் புதிய முகவரி. இக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தக் கணிப்பொறிக்கு உரிமை உண்டு என்று பட்டியல் வெளியிடவும், கடிதத்தில் மின் முத்திரை இடவும் ஏற்பாடுகள் உள்ளன. இந்தச் சான்றுகளில் குறையிருந்தாலும் ஐயம் கூடும். எந்திரம் தன் அறிவுக்கு எட்டியவரை சரியாகவே கணக்கிட்டது, விடை தவறு.

தவறு இருவகை. ஸ்பேமை நல்லதென்று விடுவது ஒன்று. நல்லதை ஸ்பேம் என்று ஒதுக்குவது மற்றொன்று. முன்னதால் ஒரு நொடி எரிச்சல். பின்னதால் வேலை போகலாம். கிரகாம் இதனை உணர்ந்து, நற்கடிதங்களில் வரும் சொற்களை இருமடங்காக எண்ணித் தராசை வேண்டுமென்றே சாய்த்துவைத்தார். ஆயினும் பிழையே இல்லாத சல்லடை இல்லை. பெட்டியை வாரத்துக்கு இருமுறையேனும் நாமே திறந்து பார்ப்பதன்றி வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எந்திரத்துக்குப் பாடம் சொல்பவர்களும் நாமே. 'ஸ்பேம் எனத் தெரிவி' என்னும் பொத்தானை நாம் அழுத்தும்போதெல்லாம் அது ஒரு வாக்கு. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோர்க்கு விதிகளை இறுக்கின. ஜிமெயிலைப் பொறுத்தவரை நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புவோர் அந்த வகையில் சேர்வர். மின் முத்திரை வேண்டும், ஒரே அழுத்தில் விலக வழி வேண்டும், புகார் நூற்றுக்கு 0.3க்குக் கீழ் இருக்கவேண்டும் என்பவை அவ்விதிகள். ஆயிரத்துக்கு மூன்று! நாமே பெயர் கொடுத்துச் சேர்ந்த பட்டியலை, விலகச் சோம்பி, ஸ்பேம் என்று அழுத்தினால், அதே பட்டியலை ஆவலோடு எதிர்பார்க்கும் வேறொரு மாணவனுக்கு அது போய்ச் சேராமல் ஆகலாம்.

நம் பக்கம்

நண்பரின் கதை அத்துடன் முடியவில்லை. அழைப்பைத் தவறவிட்ட துயரத்தில், இரண்டே நாளில் 212 நிறுவனங்களின் முகவரிகளைத் திரட்டினார். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் ஒட்டி, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் ஒரே விண்ணப்பத்தை நள்ளிரவில் அனுப்பினார். ஒவ்வொருவரும் மற்ற 211 முகவரிகளையும் கண்டார்கள். 1978இன் கடிதத்தைப் போலவே முகவரிப் பட்டியலுக்கு அடியில்தான் செய்தி. காலையில் பாதிக்கு மேல் திரும்பிவந்திருந்தன. அவருடைய கணக்கிலிருந்து அனுப்புவதும் ஒரு நாள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

'நான் வேலைதானே கேட்டேன், ஸ்பேமா அனுப்பினேன்?' என்று அவர் கேட்டார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. அவர்கள் கேட்டார்களா? இல்லை. ஒரே கடிதமா? ஆம். பலருக்கா? ஆம். ஏழை மாணவனின் விண்ணப்பம் என்பதால் இலக்கணம் இளகுமா? திருப்பணிக் கடிதத்துக்கு இளகவில்லையே. தயங்கித் தயங்கி, 'ஸ்பேம்தான்' என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார். ஆள் தேவை என்று விளம்பரம் செய்திருந்த நிறுவனங்களை மட்டும் தேடினோம், பதினொன்று கிடைத்தன. விளம்பரம் செய்தவன் விண்ணப்பத்தைக் கேட்டிருக்கிறான். அங்கே இசைவு உண்டு. பதினொன்றுக்கும் தனித்தனியே, அந்தந்த வேலையைக் குறிப்பிட்டு, நான்கு மாலை உட்கார்ந்து எழுதினோம். இரண்டு பதில் வந்தன. ஒன்று நேராக வந்தது. மற்றொன்றை ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்தோம்.